களனி ஆற்றுப் பாலமும் காஞ்சனபுரி மண்ணும்

பழைய திரைப்படம் ஒன்றைக் காண நேர்ந்தால், நம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்து இளைஞர் சிலர் கதையை விட்டுவிட்டுத் தெருவைப் பிடித்துக்கொள்வர். "இது துறைமுக மதிலை ஒட்டிய சாலை" என்பார் ஒருவர். "அன்று, அது கல்மண்டபத்துப் பக்கம்" என்று மறுப்பார் மற்றவர். சுவரின் வளைவையும் சாளரத்தின் அமைப்பையும் தந்திக் கம்பத்தின் நிலையையும் சான்று காட்டி, வழக்கறிஞர் தோற்கும்படி வாதிடுவர். ஓதிக்கொடுத்து வாழும் ஒருவன் சினிமாவைப் பற்றி எழுதப் புகுந்தானே என்று வாசகப் பெருமக்கள் முகஞ்சுளிக்க வேண்டா. ஓர் இடத்தின் பெயரையும் கிடக்கையையும் பிழையின்றி அறிந்துகொள்வது நம் முன்னோர் பேணி வளர்த்த கலைகளுள் ஒன்று. இந்த இளைஞர்கள் செய்வதும் அதன் ஒரு சிறு துண்டுதான்.

யாகூத் அல்ஹமவீ (ரஹ்) அவர்களின் 'முஃஜமுல் புல்தான்' என்னும் பெருநூல் எவ்வாறு பிறந்தது என்பதை மதரஸாவில் பயின்றோர் அறிவர். ஹிஜ்ரி 615, அதாவது கி.பி. 1218ஆம் ஆண்டில், மர்வு நகரத்து அறிஞர் அவை ஒன்றில் 'ஹுபாஷா' என்ற ஓர் ஊர்ப்பெயர் எழுந்தது. அது பழைய அரபு நாட்டுச் சந்தை ஒன்றின் பெயர். முதல் எழுத்துக்குப் 'பேஷ்' என்றார் யாகூத். 'ஜபர்' என்று சாதித்தார் அவையிலிருந்த மற்றொருவர். ஒரேயோர் உயிர்க்குறியைப் பற்றிய தகராறு அது. கையிலிருந்த நூல்கள் ஐயத்தைத் தீர்க்கவில்லை. ஊர்ப்பெயர்களை எழுத்தெழுத்தாக உறுதிசெய்யும் ஒரு நூல் உலகுக்கு வேண்டும் என்று யாகூத் துணிந்தது அன்றுதான். ஓர் உயிர்க்குறி தவறினால் என்ன கெட்டுவிடும் என்று எண்ணுவோர் கீழே வரும் வரலாற்றைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். இங்கும் ஓர் உயிரொலியே பிழையாயிற்று. அதனோடு ஓர் இடப்பிழையும் சேர, ஓர் ஆற்றின் பெயரே மாறிப்போயிற்று.

ராயபுரத்தில் எண்பத்தைந்தை எட்டிய மூதாட்டி ஒருவர் உளர். இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பம். அவரைத் தொட்டிலில் விட்டுவிட்டு, அவருடைய தந்தையார் 1940இல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார். ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் வந்த கடிதமே கடைசிக் கடிதம். போர் முடிந்தபின் ஊர் திரும்பிய சபராளி ஒருவர், "அவரைச் சயாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றியதைக் கண்டேன்" என்று சொன்னார். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் அம்மூதாட்டி என்னை அழைத்தனுப்பினார். முகத்தில் அப்படியொரு தெளிவு. "ஹஜ்ரத், எங்கத்தா கெடக்குற எடம் தெரிஞ்சுபோச்சு. கொழும்புக்குப் போனா பக்கந்தானாம். பேரன் கூட்டிப்போறேங்கிறான். அங்க நின்னு யாசீன் ஓதணும், நீங்களும் வரணும்" என்றார். கொழும்பு என்ற சொல் கேட்டு நான் திகைத்தேன். சயாமில் மறைந்தவர் இலங்கையில் எப்படி அடங்கினார்?

பேரர் கைப்பேசியை நீட்டினார். ஆங்கிலப் படம். காடு, மலை, ஓடும் ஆறு, ஆற்றின்மேல் மரத்தாலான ஓங்கிய பாலம். 'குவாய் நதிப் பாலம்' என்பது படத்தின் பெயர். சயாமில் ரயில்பாதை அமைத்த கைதிகளின் கதை. பேரரும் நம் பகுதி இளைஞர் அல்லரா, படத்தைக் கண்டதும் இடத்தைத் தேடியிருக்கிறார். தேடிக் கண்டும் பிடித்திருக்கிறார். அவர் கண்டுபிடித்ததில் எள்ளளவும் பிழையில்லை. ஆனால் படம் எடுத்த இடம் வேறு, செய்தி நடந்த இடம் வேறு என்பதை எண்ணிப்பார்க்கத் தவறிவிட்டார்.

அந்தப் படத்தை டேவிட் லீன் இயக்கினார். 1957இல் வெளியாயிற்று. ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதிலுள்ள பாலம் இலங்கையின் கித்துள்கல என்னும் ஊரில் கட்டப்பட்டது. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் செல்லும் நெடுஞ்சாலையில், களனி ஆற்றின் மேற்பகுதியில் உள்ளது அவ்வூர். ஏறத்தாழ 1,500 மரங்களை வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து, பல மாதம் பாடுபட்டு எழுப்பிய பாலம் அது. தகர்ப்பதற்கென்றே கட்டினார்கள். 1957 மார்ச் 10ஆம் நாள் அன்றைய பிரதமர் பண்டாரநாயக்கா முன்னிலையில் அதனை வெடிவைத்துத் தகர்க்க ஏற்பாடு. படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய நேரத்தில் ஒதுங்கவில்லை. லீன் வெடியை நிறுத்திவிட்டார். ரயிலோ நிற்காமல் பாலத்தைக் கடந்துபோய் அக்கரையில் இருந்த மின்னாக்கியின்மேல் மோதியது. அதைச் செப்பனிட்டு மறுநாள் காலையில் பாலத்தைத் தகர்த்தனர். பாலம் நின்ற இடத்தில் காரைக் கட்டின் அடிப்பாகங்களைப் பயணிகள் கண்டுவருகிறார்கள். படத்தில் வரும் மருத்துவமனை கொழும்பை அடுத்த கல்கிசையில் உள்ள மவுண்ட் லவினியா ஹோட்டல். பிரிட்டிஷ் படைத்தலைமையிடம் என்று காட்டப்படுவது கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பூங்கா. கைதி முகாம் மஹர என்னும் ஊரின் கற்குழி. ஆக, படத்தில் சயாம் மண் ஒரு பிடி கூட இல்லை.

ஒரு விந்தையை இங்கே சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. கித்துள்கலவைச் சூழ்ந்துள்ள மலைகளெல்லாம் தேயிலையும் ரப்பரும். அத்தோட்டங்களை உருவாக்கியவர்கள் நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கூலிகளின் வழிவந்தோர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்றார்கள் அவர்கள். சயாம் ரயில்பாதையில் மடிந்தவர்களுள் மிகப் பலரும் அதே வகைத் தோட்டத் தொழிலாளரே, மலாயாவுக்குச் சென்ற தமிழர். ஒருவகைத் தமிழரின் துயரத்தைச் சொல்ல வேண்டிய படம் மற்றொருவகைத் தமிழரின் மலைச்சாரலில் எடுக்கப்பட்டது. படத்திலோ இருவருமே இல்லை.

இனி உண்மை நிகழ்ந்த இடத்துக்கு வருவோம். 1942இல் பர்மாவைப் பிடித்த ஜப்பானியருக்குக் கடல்வழி ஆபத்தாயிற்று. சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில்பாதை அமைக்கத் துணிந்தனர். 1943 அக்டோபரில் இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் கிடந்த தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். காஞ்சனபுரி நகரை அடுத்த தாமக்காம் என்னும் இடத்தில் ஆற்றைக் கடக்க இரண்டு பாலங்கள் எழுந்தன. முதலில் மரப்பாலம், பிறகு இரும்புப் பாலம். இரும்புப் பாலத்தின் பதினொரு வளைவுகளும் ஜாவாவிலிருந்து வந்தவை. படத்திற்போல் அதனை வீரர் எவரும் பதுங்கிச் சென்று தகர்க்கவில்லை. 1944 இறுதியிலிருந்து 1945 வரை விமானங்கள் குண்டு வீசின. போருக்குப்பின் செப்பனிட்டபோது நடுவே கோணவடிவில் இரண்டு பகுதிகளை வைத்தனர். வளைவுகளுக்கிடையே அவ்விரண்டும் ஒட்டுத்துணி போலத் தனித்துத் தெரியும். உண்மைப் பாலத்தை அடையாளங்காண அதுவே எளிய வழி. ரயில் இன்றும் அதன்மேல் ஓடுகிறது.

கதை எழுதியவர் பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்தவர். போரில் சிறைப்பட்டது இந்தோசீனாவில். ரயில்பாதையை அவர் கண்ணால் கண்டதில்லை. 1952இல் நாவலை வெளியிட்டார். பாதையின் பெரும்பகுதி குவே நோய் என்ற ஆற்றின் கரையோரமாகச் செல்கிறது என்பதை அறிந்தவர், பாலமும் அதே ஆற்றின்மேல்தான் இருக்க வேண்டும் என்று கொண்டுவிட்டார். உண்மையில் பாலம் நின்றது மேக்லோங் ஆற்றின்மேல். போதாக்குறைக்கு ஒலியும் பிழைத்தது. தாய் மொழியில் 'குவே' என்றால் கிளையாறு. 'குவாய்' என்றால் எருமை. உலகமெங்கும் ஓடிய படத்தின் பெயர் அந்நாட்டார் செவியில் எருமையாற்றுப் பாலம் என்று விழுந்திருக்கும்.

படத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டார் காஞ்சனபுரிக்குக் கூட்டம் கூட்டமாக வந்தனர். குவாய் ஆறு எங்கே, பாலம் எங்கே என்று கேட்டனர். பாலம் இருந்தது, ஆனால் அந்த ஆற்றின்மேல் இல்லை. தாய்லாந்து அரசினர் 1960களில் எளியதொரு தீர்வு கண்டனர். மேக்லோங் ஆற்றின் மேற்பகுதிக்குக் 'குவே யாய்', பெரிய கிளையாறு, என்று பெயர் சூட்டிவிட்டனர். கதையை ஆற்றுக்கேற்பத் திருத்துவதற்கு மாறாக ஆற்றைக் கதைக்கேற்பத் திருத்தினர். யாகூத் அவர்கள் கேள்வியுற்றிருந்தால் நூலில் ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியிருப்பார்கள்.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியைக் கொள்ளுமுன் அறிவித்தவர் நிகழ்ச்சியைக் கண்டவரா, கண்டவரிடம் கேட்டவரா என்று வினவுகிறோம். இடையில் ஓர் ஆள் விடுபட்டால் 'முன்கதிஃ' என்கிறோம். இப்படத்தின் இஸ்னாதில் விடுபட்டது ஓர் ஆள் அன்று, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வெள்ளையர் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் பாதையில் உழைத்தனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். இது பெயர் பெயராக எழுதிவைத்த கணக்கு. ஆசியத் தொழிலாளர் 1,80,000க்குக் குறையார் என்பது ஆய்வாளர் மதிப்பு. இரண்டரை இலட்சம் என்பாரும் உளர். இறந்தோர் ஏறத்தாழ 90,000. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் யாவரும் அதில் அடக்கம். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 அளவில் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், அவர்களுள் தமிழரே பெரும்பாலோர் என்றும் கூறுவர். இக்கணக்குகளில் ஆயிரங்கள் மேலும் கீழும் ஆடுகின்றன. பெயர் எழுதாத கணக்கு அப்படித்தான் ஆடும்.

கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், ஒளித்து வைத்தேனும் நாட்குறிப்பு எழுதுவோர் இருந்தனர். தாமக்காம் முகாமின் மெய்யான தலைவர் கர்னல் டூசி, படத்தில் வரும் கர்னலைப் போல எதிரிக்குப் பாலம் கட்டிப் பெருமைகொண்டவர் அல்லர். கறையானைத் திரட்டி மரத்தில் விடச் செய்தவர். தமிழருக்கு அத்தகைய தலைவரும் இல்லை, மருத்துவரும் இல்லை. கீற்றுக் கொட்டகையில் மழைச்சேற்றில் கிடந்தார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது கொட்டகை கொட்டகையாக மாண்டனர். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தாம் இதனைத் தமிழில் காத்துவைத்தவர்கள். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களை நம் இல்லத்து இளைஞர்கள் தேடிப் படிக்கலாம்.

இவர்கள் எவ்வாறு அங்கே சென்றார்கள்? சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த காலம். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜூலா'வின் பெயரைச் சொன்னால் இன்றும் பழைய குடும்பங்களில் கண்கலங்குவோர் உண்டு. தோட்டக் கூலிகளை ஆவடி முகாமில் தங்கவைத்துப் பின்னர்க் கப்பலேற்றினர். 1938இல் இந்திய அரசு அவ்வகைக் கூலியேற்றத்தைத் தடுத்துவிட்டது. ஆயினும் கடைச்சிப்பந்திகளாகவும் சிறுவணிகராகவும் நம்மவர் போய்க்கொண்டே இருந்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அத்தோடு தபால் நின்றது. ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற அச்சத்தில் சென்னை நகரமே காலியாயிற்று. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த நம் பகுதியார் மூட்டை கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினர். அக்கரையில் இருந்தவருக்கு இக்கரைச் செய்தியும், இக்கரைக்கு அக்கரைச் செய்தியும் இல்லாமற்போயிற்று.

மலாயாவில் முதலில் கூலி நல்லபடி தருவோம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசைகாட்டி ஆள் சேர்த்தனர். திரும்பியவர் இல்லாதது கண்டு மக்கள் ஒளிந்துகொண்டபின் பிடித்துச் செல்லலாயினர். அதற்கு அவர்கள் கையாண்ட சூழ்ச்சிகளுள் ஒன்றை இக்கட்டுரையில் எழுதும்போது கை நடுங்குகிறது. இலவசமாகப் படம் காட்டுவதாக ஊரில் அறிவிப்பார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டுவார்கள். உள்ளிருந்த ஆடவரையெல்லாம் அப்படியே ரயிலேற்றிச் சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள். சினிமாவில் தமிழர் இடம்பெறவில்லை என்று மேலே எழுதினேன். இந்த ஒரு வகையில் இடம்பெற்றார்கள்.

மூதாட்டியின் தந்தையார் கொட்டகையில் பிடிபட்டாரா, கடைவாசலில் பிடிபட்டாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவருடைய தாயார் என்ன பாடுபட்டார் என்பதைத்தான் நான் கேட்டறிந்தேன். கணவர் மறைந்தார் என்பதற்குச் சான்று, ரயிலில் கண்டதாக ஒருவர் சொன்ன சொல் மட்டுமே. இறந்ததைக் கண்டவர் இல்லை. இத்தகையவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்கின்றன, காணாமற்போனவர். அவர் மனைவி இத்தா இருப்பது எப்போது, மறுமணம் செய்வது எப்போது? அவர் வயதொத்தார் எல்லாரும் மறையும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழந்தீர்ப்பு. அதனைத் தொண்ணூறு வயது என்று வரையறுத்தாரும் உளர். ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய தீர்ப்பும் மரணம் உறுதிப்படும்வரை பொறுக்கவே சொல்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ நான்காண்டுத் தவணை விதித்து, அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்று வழிகாட்டினார்கள். கைவிடப்பட்ட பெண்களின் அவலத்தைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்னும் நூலில் மாலிக்கீ தீர்ப்பை ஹனஃபிகளும் ஏற்கலாம் என்று எடுத்துரைத்தார்கள். அதன் பயனாகவும் எழுந்ததே 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் இருக்குமிடம் நான்காண்டுகள் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கோரலாம் என்று அது கூறுகிறது.

ஆகவே 1946இலேயே அவ்வம்மையாருக்கு வழி திறந்திருந்தது. ஊர் ஆலிம் ஒருவர் வீடு தேடிவந்து சொல்லியும் இருக்கிறார். அம்மையார் இசையவில்லை. "அவர் வந்து நின்றால் என்ன முகத்தோடு பார்ப்பேன்?" என்று கேட்டாராம். கருகமணியைக் கழற்றாமலே இருந்து, 1981இல் கருகமணியோடே மறைந்தார். ஆண்டு பாத்திஹா ஓதவும் வழியில்லை, இறந்த நாள் தெரியாதே! மறைந்தவருக்காகத் தொலைவிலிருந்து ஜனாஸாத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷீ மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் தொழவைத்தது அதற்கு ஆதாரம். அந்தத் தொழுகையையும் அம்மையார் தம் வாழ்நாளில் நடத்தவிடவில்லை. தொழுதுவிட்டால் மய்யித்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற அச்சம். சட்டமும் ஃபத்வாவும் திறந்த கதவின் வழியே எல்லாரும் வெளியே வந்துவிடுவதில்லை.

இந்தக் குடும்பத்துக்குத்தான் ஒரு படத்தின் வழியே ஓர் ஆறு கிடைத்திருந்தது. அது வேறு ஆறு என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு வாய்த்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் எண்ணினேன். துஆவுக்குத் திசையும் இல்லை, தூரமும் இல்லை. களனிக் கரையில் ஓதிய யாசீன் காஞ்சனபுரிக்குப் போய்ச் சேராதா? போய்ச் சேரும். ஆனால் எண்பத்தைந்து வயதில் ஒருவர் தம் தந்தையின் கபுறு என்று நம்பி, சினிமாவுக்காக வெட்டிய பள்ளத்தின்முன் நிற்க நாம் துணைபோவது முறையாகப் படவில்லை. ஆண்டுக்கணக்காக மாணவர்க்கு ஊர்ப்பெயரைத் திருத்திச் சொல்லிக்கொடுத்தவன் இங்கே மட்டும் வாய்மூடுவதா?

சென்று சொல்வதற்குமுன், மெய்யான இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர் மயானம் உள்ளது. 6,900க்கும் மேற்பட்ட கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பேணுகிறார்கள். அதன் வாயிற்கட்டடத்தில் ஒரு சிறு நினைவுப் பொறிப்பு உண்டு. தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கப்பட்டு, பின்னர்க் கபுறுகளைப் பேண இயலாமற்போன, பிரிவினைக்கு முந்திய இந்தியப் படையினர் பதினொருவரின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்கள் படைவீரர் ஆதலால் பெயர் நின்றது. ஈப்போக் கடைச்சிப்பந்தியின் பெயரை அங்கே தேட முடியாது.

பாலத்தருகே ஜப்பானியரே 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று உள்ளது. அதிலுள்ள பன்மொழிப் பொறிப்புகளுள் தமிழும் உண்டு. கொன்றவனே தமிழில் எழுதிவைத்தான், நெடுங்காலம் வேறெவரும் எழுதவில்லை. 1990இல் அந்நகரில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே இடத்தில் வெளிப்பட்டன. மயானத்துக்கு அண்மையில் வாட் தாவோர்ன் என்னும் புத்த ஆலயம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளரின் எலும்புகளைத் திரட்டி அடக்கிய தூபி அவ்வளாகத்தில் உள்ளது. மலேசியத் தமிழர் முயற்சியாலும் தமிழக அரசின் பொருளுதவியாலும் 2023இல் அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது.

இவற்றையெல்லாம் மூதாட்டியிடம் மெல்லச் சொன்னேன். பேரர் தலைகுனிந்திருந்தார். அவர்மேல் தவறில்லை என்பதையும் சொன்னேன். அவர் தேடாதிருந்தால் நானும் தேடியிருக்க மாட்டேன். மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊரு பேரு என்னன்னு சொன்னீங்க?" என்றார்.

"காஞ்சனபுரி."

"நம்ம நாட்டுப் பேரு மாதிரியில்ல இருக்கு" என்றார். காஞ்சனம் என்றால் பொன் என்றேன். பேரரிடம் அதனை ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கி, தம் யாசீன் கிதாபில் வைத்துக்கொண்டார். புத்த ஆலயத்துள் நின்று ஓதலாமா என்று கேட்டார். ஆலயத்துக்கு வெளியே, ஆற்றங்கரையில் நின்று ஓதலாம் என்றேன். தொலைவிலிருந்து தொழும் ஜனாஸாவை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவர் மறுமொழி சொல்லவில்லை. அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கொழும்பு என்றால் ஒருவேளை முடிந்திருக்கும். பேரர் பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்கு ரயில் இருப்பதைத் தேடி எடுத்துவிட்டார். நோன்பு கழிந்து ஷவ்வால் மாதத்தில் புறப்படுவதாக இருக்கிறார்.